பலகையும் பசையும்

தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மாயிருக்கப் பொறாதவர் என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பழைய வீட்டைப் புதுப்பித்தபோது கழித்துப்போட்ட தேக்கு ஜன்னல் சட்டங்களை எடுத்து இழைத்து, ஐந்து துண்டுகளைப் பக்கத்தோடு பக்கம் சேர்த்து ஒட்டி, புதுக் குடித்தனம் போன மகளுக்குக் காய்கறி நறுக்கும் பலகை ஒன்று செய்து கொடுத்தார். பார்வைக்கு வெகு நேர்த்தியாக இருந்ததாம். இரண்டு மாதத்தில் நடுவில் ஒரு கீற்று விட்டது. மூன்றாம் மாதம், பூசணிக்காயை நறுக்கிக் கொண்டிருந்தபோது பலகை இரண்டாய்ப் பிளந்தது. கத்தி வழுக்கியது, நல்ல வேளையாக விரல் தப்பியது. தச்சரைக் கேட்டால், 'பசை மட்டம்' என்கிறார். பசை விற்ற கடைக்காரரோ, 'மரம் பழசு' என்கிறார். மாப்பிள்ளை இரண்டு பேச்சும் பேசாமல் பிளாஸ்டிக் பலகை ஒன்று வாங்கி வந்துவிட்டார். "மறுபடி ஒன்று செய்து கொடுக்க ஆசை. ஆனால் அதுவும் பிளந்தால் என் மானம் போய்விடும். இருக்கிற பசைகளில் எல்லாம் பலமானது எது?" என்று நேயர் கேட்கிறார்.

தச்சர் சொல்வதிலும் கடைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முதலில் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும். பலமான பசை கிடைப்பது ஓர் அரிய காரியமே அன்று. நன்றாய் இழைத்த இரு மரத்துண்டுகளை, நாரோட்டம் ஒரே திசையில் இருக்கும்படி பக்கத்தோடு பக்கம் வைத்து, சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு முறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டிய இடம் விடாது. அதற்குப் பக்கத்திலுள்ள மரந்தான் கிழியும். மரத்தையும் வெல்லும் பசை மலிவாகவே கிடைக்கும்போது, அதற்கு மேலும் பலத்தைத் தேடி என்ன பிரயோஜனம்? நறுக்கும் பலகைக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தினம் நாலு தரம் தண்ணீரில் நனைந்தால் இந்தப் பசை இளகுமா? உணவுப் பொருள் அதன்மேல் பட்டால் கெடுதல் உண்டா? இவ்விரண்டையும் கேட்காமல் பலத்தை மாத்திரம் கேட்பது, பெண்ணுக்கு வரன் பார்க்கப் போய் மாப்பிள்ளை எத்தனை மணங்கு தூக்குவார் என்று விசாரிப்பது போலாகும்.

நம்மவர்க்கு இந்தக் கேள்விகள் புதியவை என்பதில் வியப்பில்லை. நம் வீடுகளில் வெகு காலமாய் அரிவாள்மணைதான் ஆட்சி செய்தது. கத்தி ஓரிடத்தில் நிற்க, காய் கையிலிருந்து அதனிடம் போய் அறுபட்டது. கீழே பலகைக்கு வேலையே இல்லை. இறைச்சிக் கடையில் புளியங்கட்டை இருந்தது. அது ஒரே மரம், ஒட்டு வேலை கிடையாது. தரையில் உட்கார்ந்து செய்த சமையல் மேடைக்கு ஏறி, காய் கீழேயும் கத்தி கையிலும் ஆன பிறகே பலகை நம்மிடம் வந்தது. ஆகவே நம் தச்சர்களின் பரம்பரை அறிவில் கதவுக்கும் கட்டிலுக்கும் பெட்டிக்கும் இடமுண்டு. நாள்தோறும் நனைந்து உலரும் ஒட்டுப் பலகைக்கு இடம் இல்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கதவையும் கட்டிலையுங்கூட அவர்கள் பசையை நம்பிச் செய்யவில்லை. கழுந்தும் துளையும் சேர்ந்து, மர ஆணி ஒன்று குறுக்கே இறங்கி, அதுவே மரத்தைப் பிடித்தது. பசை கூட ஒரு கை கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய பசை வச்சிரம். தோலிலும் எலும்பிலும் உள்ள சத்தைக் காய்ச்சி எடுத்து உலர்த்திய துண்டுகளை, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்துச் சுமார் 60 டிகிரி சூட்டில் இளக்கித் தடவுவார்கள். கொதிக்கவிட்டால் அதன் சக்தி போய்விடும். இதன் பிடிப்பு சாமானியமானதன்று. எகிப்து தேசத்துக் கல்லறைகளிலிருந்து எடுத்த மரச்சாமான்களில் பிராணிப் பசை வேலை செய்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வாத்தியங்கள் செய்கிறவர்கள் பலர் இன்றும் இதை விடாததற்குக் காரணம், சூடும் ஈரமும் காட்டினால் ஒட்டு விட்டுக் கொடுத்துவிடும் என்பதே. வயலினைப் பிரித்துப் பழுது பார்க்க அது ஒரு குணம். வெந்நீரில் கழுவப்படும் பலகைக்கு அதுவே பெருங்குற்றம். வச்சிரம் இங்கே உதவாது.

பாலிலிருந்து செய்யும் பசை ஒன்றும் உண்டு. பாலைத் திரித்து, திரிந்த கட்டியைக் கழுவிச் சுண்ணாம்போடு சேர்த்தால் அது கெட்டியான பசை ஆகிறது. கேஸின் என்பது அந்தக் கட்டியின் பெயர். வகுப்பில் இதைச் செய்து காட்டினால் பிள்ளைகள் அன்று வேறு பாடம் எதையும் கேட்கமாட்டார்கள். இது வச்சிரத்தைவிட ஈரத்தைத் தாங்கும். எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு டி ஹாவிலண்ட் கம்பெனியார் 'மாஸ்கிட்டோ' என்ற விமானத்தை மரத்தாலேயே செய்தார்கள்; 1940 நவம்பரில் அது முதன்முதலில் பறந்தது. ஆரம்பத்தில் அதை ஒட்டியது கேஸின் பசை. பின்னர் ரஸாயனச் சாலையில் செய்த பிசின் பசைக்கு மாறினார்கள். 1944ல் இந்தியா, பர்மா பக்கத்தில் இவ்விமானங்கள் சில நொறுங்கி விழுந்தன. வெயிலும் மழையும் பால் பசையைக் கெடுத்துவிட்டன என்று பழி உடனே பசையின் மீது விழுந்தது. விமானங்களைத் தரையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். கம்பெனியார் அனுப்பிய குழு சீதோஷ்ணத்தையே காரணம் காட்டியது. பின்னர் நடந்த அரசாங்க விசாரணை கண்டது வேறு: கம்பெனியின் தொழிற்சாலைகளிலேயே இணைப்புக்கள் சிலவற்றைச் சரியாகப் பொருந்தாமல் விட்டிருந்தார்கள், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தது. 

இதை இங்கே சொன்னதற்குக் காரணம், நம் நேயரின் பலகைக்கும் முதல் விசாரணை இதுவேயாகும். பிளந்த துண்டுகளை அவர் எறிந்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மர நார்கள் கிழிந்து பசையோடு ஒட்டிக் கொண்டிருந்தால் பசைமேல் பிழையில்லை, மரந்தான் தோற்றது. பசை வழவழப்பாய், கண்ணாடிபோல் ஒரு பக்கத்திலேயே தங்கியிருந்து, மறுபக்கத்து மரம் சுத்தமாய் இருந்தால், அந்தப் பக்கத்தைப் பசை பிடிக்கவே இல்லை. எண்ணெய் இருந்திருக்கும், தூசி இருந்திருக்கும், அல்லது தடவிய பசை சேர்ப்பதற்குள் உலர்ந்து தோல் கட்டியிருக்கும். பசை வெளுத்துப் பால் நிறமாகி நகத்தால் கீறினால் ரப்பர்போல் உரிந்து வந்தால், அது தண்ணீரின் வேலை. விளிம்பில் பசை தடித்த வரியாக இருந்தால் மரம் பொருந்தவில்லை. பள்ளத்தைப் பசையால் நிரப்பியிருக்கிறார் என்று பொருள். நான்கும் ஒரே பலகையில் வெவ்வேறு இடத்தில் காணப்படுவதும் உண்டு. தச்சரும் கடைக்காரரும் இந்த விளிம்பைப் பார்த்தார்களா என்று கடிதத்தில் இல்லை. பார்த்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பார்த்திருந்தால் வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

இனி, அவர் உபயோகித்த வெள்ளைப் பசையைப் பற்றி. இதன் ரஸாயனப் பெயர் பாலிவினைல் அஸிடேட். ஜெர்மனியில் 1912ல் பிரிட்ஸ் க்ளாட்டே என்பவர் கண்டுபிடித்த வஸ்து. நம் தேசத்தில் 1959ல் பம்பாயில் 'ஃபெவிகால்' பிறந்தது முதல், வச்சிரச் சட்டி பட்டறைகளை விட்டுச் சிறிது சிறிதாய் வெளியேறியது; இன்று எந்தக் கம்பெனியின் வெள்ளைப் பசையையும் ஃபெவிகால் என்றே நம்மவர் சொல்லுகிறார்கள். பசையின் நுண்ணிய துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீரை மரமும் காற்றும் உறிஞ்சிக்கொண்டதும் துளிகள் ஒன்றோடொன்று கூடிப் படலமாகின்றன. தண்ணீர் போனதால் கெட்டியான படலம், தண்ணீர் திரும்பி வந்தால் இளகுவது இயற்கை. சாதாரண ரகம் அப்படித்தான். பீரோவுக்கும் மேஜைக்கும் அது உத்தமமான பசை. அந்த ரகத்தைத் தொட்டிக்கருகே ஈரத்தில் சாத்தி வைக்கும் பலகைக்குப் போட்டது பசையின் குற்றமாகாது.

ஈரத்தைத் தாங்குவதற்கென்றே, உலரும்போது தன் சங்கிலிகளைத் தானே குறுக்கே பின்னிக்கொள்ளும் ரகங்களைப் பின்னர் செய்தார்கள். டப்பா பார்வைக்கு ஒரே மாதிரி. உள்ளே இருப்பது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். இங்கேதான் வாங்குகிறவர் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும். டப்பாவின் முகத்தில் 'வாட்டர்ப்ரூப்' என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். முதுகில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஐரோப்பிய அளவுகோலில் டி.1 முதல் டி.4 வரை நான்கு படிகள் உண்டு. டி.1 என்பது ஈரமே படாத உள் வேலைக்கு. டி.2 எப்பொழுதாவது சிறிது நனைவதற்கு. டி.3 அடிக்கடி சிறிது நேரம் நனைவதற்கு. ஒட்டிய மரத்தை நாலு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடேயே இழுத்துப் பார்த்துச் சான்று தருகிறார்கள். டி.4 ரகத்தை அதோடு விடாமல் ஆறு மணி நேரம் கொதிக்கிற தண்ணீரிலும் போடுகிறார்கள். அமெரிக்கப் பசைகளில் 'டைப் 2', 'டைப் 1' என்று இருக்கும். டைப் 2க்கு நனைப்பதும் உலர்த்துவதுமாக மூன்று சுற்றுப் பரீட்சை. டைப் 1க்கு நாலு மணி நேரம் கொதிக்க வைத்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி நாலு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். நம் கடைகளில் ப்ளைவுட் வாங்கும்போது கொதிநீர் தாங்கும் என்று முத்திரை பார்த்து வாங்குகிறோமே, ஏறக்குறைய அதே ஞாயந்தான். மரத்துக்கு முத்திரை கேட்கிற நாம் பசைக்கு மாத்திரம் ஏன் கேட்பதில்லை?

டி.3 அல்லது டைப் 2 போதும் என்பது என் அபிப்பிராயம், பலகையைக் கழுவித் துடைத்து உலர வைக்கிற வீட்டில். ஊறப்போடுகிற வீட்டுக்கு டி.4. யாருடைய வீடு எந்த வகை என்பதை அவரவர் தீர்மானிக்கலாம். புது மகளின் வீட்டைப் பற்றித் தந்தை டி.4 என்றே எண்ணிக்கொள்வது க்ஷேமம்.

அடுத்த கேள்வி உணவைப் பற்றியது. 'ஃபுட் ஸேஃப்' என்ற இரண்டு சொல்லைக் கண்டவுடன் மனம் சாந்தி அடைந்துவிடுகிறது. அவற்றின் அர்த்தம் குறுகியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி உணவோடு நேரே கலக்கும் பொருளைப் பற்றியதன்று. ஓரத்திலும் பொருத்து வரியிலும் மிகச் சொற்பமாய் மட்டும் உணவைத் தொடும் பசையைப் பற்றியது. மறைமுகத் தொடர்புக்கு ஏற்றது என்பதே சரியான வாசகம். பலகைக்கு அது பொருந்துமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பலகை 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். ஐந்து துண்டுக்கு நான்கு பொருத்து. நன்றாய்ப் பொருந்திய பொருத்தில் பசையின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று கொண்டால், மேல் முகத்தில் தெரியும் பசை மொத்தம் ஒரு சதுர சென்டிமீட்டரும் சொச்சமுந்தான்; பலகையோ 600 சதுர சென்டிமீட்டர். ஐந்நூற்றில் ஒரு பங்கு. பொருத்து மில்லிமீட்டர் கனத்துக்கு வாய் பிளந்து, அதைப் பசையால் அடைத்திருந்தால் கணக்குப் பத்து மடங்காகிவிடும். கத்தி ஒவ்வொரு தரமும் அதைச் சீவி எடுக்கும். ஆக, விமானத்தைக் கெடுத்த இடைவெளி வயிற்றுக்கும் ஆகாது.

வெள்ளைப் பசையின் மூலப் பொருளைச் சுத்தம் செய்து, குழந்தைகள் மெல்லுகிற 'சூயிங்கம்'மில் சேர்க்கிறார்கள் என்று சில கெட்டிக்காரர்கள் சொல்லுவார்கள். அது மெய். அதனால் தச்சுப் பசை தின்னத் தகும் என்று ஆகாது. டப்பாவில் அதனோடு மிருதுவாக்கும் பொருளும், பூசணம் பிடிக்காமலிருக்க மருந்தும் சேர்ந்திருக்கின்றன.

மற்றப் பசைகளுக்கு அதிக இடம் தேவையில்லை. இரண்டு குழாய்களில் வரும் எபாக்ஸி தண்ணீருக்கு அஞ்சாது. சிறு இடைவெளியையும் பலத்தோடு நிரப்பும். ஆனால் இரண்டு பாகத்தையும் சொன்ன அளவில் கலக்காவிட்டால் அரைவேக்காடாய் நின்றுவிடும். வேகாத எபாக்ஸி தோலுக்கே ஆகாது, உணவுக்கு எப்படி ஆகும்? சாதாரண எபாக்ஸி பலவும் 50, 60 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்குவதால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பலகைமேல் வைக்கிற பழக்கமுள்ளவர்கள் யோசிக்க வேண்டும். காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகும் பாலியூரிதேன் பசை, நுரைத்துப் பொங்கிப் பொருத்திலிருந்து வழியும். அந்த நுரை பார்வைக்கு இடைவெளியை அடைத்ததுபோல் இருக்கும். உள்ளே பலம் கிடையாது. நொடியில் ஒட்டும் சின்னக் குழாய்ப் பசை பொம்மைக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் ஆகும். தூளாய் வரும் யூரியா பிசினில் பார்மால்டிஹைட் உண்டு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதென்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் குழுவினர் அதை 2004ல் வகைப்படுத்தினார்கள். சமையலறைக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். ப்ளைவுட் துண்டின்மேல் காய் நறுக்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஒவ்வோர் அடுக்கின் கீழும் முழு முகமும் பசை, கத்தி ஓர் அடுக்கைத் தாண்டினால் பிறகு பசைமேல்தான் நறுக்குகிறோம்.

மரத்தின் தரப்பையும் கேட்க வேண்டும். தேக்கு தன்னுள் எண்ணெய்ப்பசை உடையது. தண்ணீரும் கறையானும் அதை அணுகாததற்கு அதுவே ஒரு காரணம்; பசை அணுகாததற்கும் அதுவே காரணம். இழைத்து நாள் கழித்து ஒட்டினால் எண்ணெய் மேலே வந்து நிற்கும். ஒட்டப்போகிற அன்றைக்கே விளிம்பை மறுபடி ஒரு சீவு சீவி, சுத்தமான துணியில் அஸிடோன் நனைத்துத் துடைத்து, அது ஆவியாய்ப் போனதும் தாமதியாமல் ஒட்டிவிட வேண்டும். அஸிடோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையில் இந்த வேலை கூடாது.

பழைய ஜன்னல் சட்டம் என்று நேயர் எழுதியிருப்பதைப் படித்தபோது பசையைவிட வேறொன்று மனத்தை உறுத்தியது. அந்தச் சட்டங்களுக்குப் பெயின்ட் அடித்திருந்ததா? நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கும் சட்டம் 2016ல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்டில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். பெயின்ட் அடித்த சட்டத்தை இழைத்தால் தூளாய்ப் பறக்கும். வெடிப்புக்களிலும் ஆணித் துளைகளிலும் தங்கியது தங்கியதுதான். அப்படிப்பட்ட மரத்தை அலமாரித் தட்டாய்ப் போடுங்கள், உணவுக்கு வேண்டாம். எண்ணெய் மாத்திரம் பூசிய சட்டமென்றால் தடையில்லை. சரக்குப் பெட்டிகளின் பலகையை உபயோகிக்கிறவர்கள் அதன்மேல் பொறித்த முத்திரையைப் பார்க்கட்டும்: 'எச்.டி.' என்றால் சூட்டால் பதப்படுத்தியது, 'எம்.பி.' என்றால் விஷவாயுவால்.

மரம் மூச்சு விடுகிறது என்று தச்சர்கள் சொல்வது உவமை அன்று. ஐப்பசி மழையில் அது அகலும். சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாட்டில் இந்த மாற்றம் அற்பம், அகலவாட்டில்தான் எல்லாம். தேக்கு இதில் மிகவும் சாது. அதுகூட, மரத்திலுள்ள ஈரம் நூற்றுக்கு 5 பங்கு ஏறி இறங்கினால், 20 சென்டிமீட்டர்ப் பலகையில் சுமார் 2 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். எல்லாத் துண்டுகளும் ஒரே நாரோட்டத்தில் இருந்தால் சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும், பசைக்குச் சிரமமில்லை. அழகுக்காக இரு முனையிலும் குறுக்கே ஒரு சட்டம் ஒட்டிவிட்டால், அது அகல மறுக்கும், பலகை அகலப் பார்க்கும். எந்தப் பசையும் இந்தச் சண்டையில் மத்தியஸ்தம் செய்ய முடியாது. நேயர் அப்படி ஒட்டியிருந்தாரா என்பதையும் சொல்லவில்லை. ஐந்து துண்டும் ஒரே ஜாதி மரமா என்பதும் கேட்கத் தக்கதே.

ஒட்டும் முறையைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். விளிம்புகள் இரண்டையும் பசையின்றிச் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் எங்கும் கசியக் கூடாது. கசிந்தால் மறுபடி இழைப்புளி. வேறு குறுக்கு வழி இல்லை. பசையை இரு முகத்திலும் மெல்லியதாய்ப் பரப்பி ஐந்து பத்து நிமிஷத்துக்குள் சேர்க்க வேண்டும். கோடை நாளில் மின்விசிறிக்குக் கீழே அந்த அவகாசமும் இராது. விடியற்காலையில் செய்வது நல்லது. நீலகிரி, கொடைக்கானல் வாசிகளுக்கு நேர்மாறான தொல்லை: 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் சில பசைகள் படலமாகாமல் சுண்ணாம்புபோல் வெளுத்துப் பொடியாகிவிடும். இறுக்குவதற்குக் கிளாம்பு இல்லாதவர்கள், கனமான பலகை ஒன்றில் இரண்டு ரீப்பர்களை ஆணியடித்து, நடுவே காகிதம் விரித்துத் துண்டுகளை வைத்து, மிச்சமுள்ள இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ஆப்புக்களைச் செருகிக் கொட்டாப்புளியால் தட்டலாம். துண்டுகள் நடுவில் தூக்கிக்கொள்ளாமல் மேலே பாரம் வேண்டும். இந்நாளில் பல வீடுகளில் வேலையற்று மூலையில் கிடக்கும் அம்மிக்கல் இதற்கு வெகு பொருத்தம். பொருத்தின் நெடுகப் பசை சிறு முத்து முத்தாய் வெளியே வந்தால் அளவு சரி. ஒன்றும் வராவிட்டால் பசை போதாது. ஒரு மணி நேரம் கழித்து ஆப்பைத் தளர்த்தலாம். மறுநாள் வரையில் இழைக்கவோ நனைக்கவோ கூடாது.

பிளந்த பழைய பலகையை மறுபடி ஒட்டலாமா என்றால், பழைய பசை முழுவதையும் இழைத்து எடுத்துப் புது மரம் தெரிந்த பின் ஒட்டலாம். உலர்ந்த வெள்ளைப் பசைமேல் புது வெள்ளைப் பசை பிடிக்காது. அகலத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போகும், அவ்வளவே.

இத்தனையும் எழுதிய பிறகு ஒன்று சொன்னால் நேயர் கோபிக்கக் கூடாது. எட்டு அங்குல அகலத்தில் ஒரே பலகையாய் வேம்போ மாவோ பலாவோ நன்றாய் உலர்ந்தது கிடைக்குமானால், ஒட்டு வேலையே வேண்டாம் என்பேன். மரத்தின் மையத்தை விட்டுத் தள்ளி அறுத்த பலகையாக இருக்க வேண்டும். அடிமரத்தை வட்டமாய்க் குறுக்கே அறுத்த வில்லை ஆசையாய்த்தான் இருக்கும். மரம் மையத்தை நோக்கிச் சுருங்குவதைவிடச் சுற்றுவாட்டில் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குவதால், அது மையத்திலிருந்து வெடிக்காமல் இருப்பது அபூர்வம். ஐந்து துண்டை ஒட்டுவது அகலப் பலகை கிடைக்காதவருக்கும், கையில் துண்டு மரம் இருப்பவருக்கும். நம் நேயர் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவர். அந்த ஆசையை நான் அறிவேன்.

மாப்பிள்ளையின் பிளாஸ்டிக் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒட்டு விடாது, மெய்தான். ஆனால் மரம் அசுத்தம், பிளாஸ்டிக் சுத்தம் என்று நினைத்து வாங்கியிருந்தால், அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் டீன் க்ளிவர் என்பவர் 1990களின் தொடக்கத்தில் செய்த பரிசோதனைகளை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். மரத்தில் விட்ட கிருமிகள் உள்ளே உறிஞ்சப்பட்டு, மேலே திரும்பி வராமல் மடிந்தன. புதுப் பிளாஸ்டிக்கைக் கழுவிச் சுத்தம் செய்வது எளிதாக இருந்தது. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கில் கிருமிகள் கீறலுக்குள் தங்கிவிட்டன. பச்சை இறைச்சிக்கும் காய்கறிக்கும் வேறு வேறு பலகை என்ற விதி இரண்டுக்கும் பொது.

கடைசியாக, பலகைக்கு வார்னிஷ் பூசலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறார். கூடாது; கத்தி பட்டுச் செதிள் செதிளாய் உரிந்து காயோடு குழம்பில் சேரும். நல்லெண்ணெய் பூசுவதாக அவர் வீட்டில் ஒரு யோசனையாம். சமையல் எண்ணெய் மரத்தினுள் உலராமல் தங்கிச் சிக்கு நாற்றம் எடுக்கும். தேங்காயெண்ணெய் கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். மருந்துக் கடையில் லிக்விட் பாரபின் என்று கேட்டு வாங்கி, இலேசாய்ச் சூடு காட்டி, ஆறு பக்கமும் தடவி, இரவு முழுதும் விட்டுக் காலையில் துடைத்துவிடலாம். முதல் வாரம் தினம் ஒரு தரம், பிறகு மாதம் ஒரு தரம். கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து உருக்கிக்கொண்டால் தண்ணீர் இன்னும் தாமதமாய் உள்ளே போகும். ஆனால் இந்த எண்ணெய், ஒட்டு வேலை முழுவதும் காய்ந்து மறுநாள் ஆன பிறகுதான். கழுவின பலகையைப் படுக்க வைக்காமல், இரு முகமும் காற்றுப் படும்படி விளிம்பில் நிறுத்தி வைக்கும்படி மகளிடம் சொல்லட்டும்; தொட்டிக்குப் பக்கத்தில் அல்ல, ஜன்னலுக்குப் பக்கத்தில்.